பின்வரிசைக்காரன்

தம்பி, தமிழ்தானே? முகத்தைப் பாத்ததுமே நெனச்சேன். உக்காருங்க, உக்காருங்க. குளிர் கோட்டைக் கழட்டி மடியில வச்சுக்குங்க, கீழ எவனோ காப்பியைக் கொட்டி வச்சிருக்கான். நல்ல வேளை நீங்க வந்தீங்க. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பெருசா ஒண்ணும் இல்லை. ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் நான் வாயைத் திறந்தேன்னா, முழங்கையால என் விலாவுல ஓங்கி ஒரு இடி இடிங்க. வயசான மனுஷனாச்சேன்னு பாக்காதீங்க. நான் கோச்சுக்க மாட்டேன்.

இப்பப் பேசலாம். இப்ப சும்மா கை காலை உதறிக்கிட்டு இருக்காங்க.

அதோ நீலச் சட்டை, முடியை ஒட்ட வெட்டினவ, அவதான் என் பொண்ணு. மெலனி. முதுகுல எங்க பேர் போட்டிருக்கு பாருங்க, சவரிராயன்னு. அது என் பேரு. பதிமூணு வருஷமா இந்த நாட்டுல ஊர் ஊரா மைக்கைப் புடிச்சுக்கிட்டு அந்தப் பேரைக் கூப்பிடறானுங்க, ஒருத்தனாவது ஒழுங்காச் சொல்லியிருக்கணுமே. போன மாசம் ஒருத்தன் 'சவராயோ'ன்னான். ஏதோ குளிக்கிற சோப்பு பேர் மாதிரி இருந்துச்சு. என் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கை ஆட்டினா. அவளுக்கு ரோஷம் கொஞ்சம் கம்மி.

எதிர்ல மஞ்சச் சட்டை டென்மார்க்குக்காரி. இருபது வயசு. இவளுக்கு முப்பத்தொண்ணு. இன்னிக்கு இறுதி ஆட்டம். டோர்னமென்டுக்கும் இறுதி, இவளுக்கும் இறுதி. ஜெயிச்சாலும் தோத்தாலும் இன்னியோட மட்டையை மூட்டை கட்டிடறா. முட்டி போயிடுச்சு. நாலு வருஷமா ஒரு கப்பு கூட வாங்கலை, தம்பி. ஒண்ணு கூட. இன்னிக்கு ஜெயிச்சா கையில ஒரு கப்போட வீட்டுக்கு வருவா. இல்லைன்னா வெறுங்கையோட வருவா, அப்புறம் வாழ்நாள் முழுக்க அதையே நெனச்சுக்கிட்டு இருப்பா. அவ நெனக்கலைன்னாலும் நான் நெனச்சுக்கிட்டு இருப்பேன். அதுக்குத்தான் என் வாயைப் பத்தி இவ்வளவு கவலைப்படறேன்.

எதிர் வரிசையில பாருங்க, பச்சைச் சால்வை. அது என் வீட்டுக்காரி, தெரேஸ். என் பக்கத்துல உக்கார மாட்டா. எந்த ஹாலுக்குப் போனாலும் நான் எங்க உக்கார்றேனோ அதுக்கு நேர் எதிர்ல போய் உக்காந்துக்குவா. யாராவது கேட்டா என்னைத் தெரியாதுன்னுடுவா. அவதான் என்கிட்ட சத்தியம் வாங்கினா, வில்லியனூர் மாதா மேல, இனிமே ஹால்ல வாயைத் திறக்கறது இல்லைன்னு. நாலு வருஷம் ஆச்சு. மாதாவுக்கே ஆச்சரியமா இருக்கும்.

நீங்க இந்த ஊர்தானா? அந்த மூலையில தொங்குதே, 'வல்லிபுரம் மளிகை'ன்னு, அந்த பேனர் உங்களுதா? அட! அப்ப ஓசி டிக்கெட்னு சொல்லுங்க. மளிகைக் கடைக்காரர் இறகுப்பந்துக்கு விளம்பரம் குடுத்தா எவன் வந்து பருப்பு வாங்கப் போறான்? சரி, சரி, உங்க பணம். ஆட்டம் பாத்ததே இல்லையா? ஒண்ணும் கஷ்டம் இல்லை. இருபத்தொண்ணு எடுத்தா ஒரு கேம். மூணுல ரெண்டு ஜெயிக்கணும். கீழ விழுந்தா போச்சு. கோட்டுக்கு வெளிய விழுந்தா அடிச்சவனுக்குப் போச்சு. அவ்வளவுதான். மீதியை நான் சொல்றேன். எனக்குத் தெரியாதது இதுல ஒண்ணும் இல்லை.

பாத்தீங்களா, இப்பவே என் பொண்ணு மேல பாத்துக் காதைத் தொட்டுக் காமிக்கிறா. 'கத்தாதீங்க, காது வலிக்கும்'னு அர்த்தம். சரிம்மா, சரி. கத்தலை. காலையில கூட ஓட்டல் வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னா, "பப்பா, நாலு வருஷமா ஹால் ரொம்ப அமைதியா இருக்கு"ன்னு. பெத்த அப்பனுக்கு அவ நன்றி சொல்றது அப்படித்தான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

நான் யாருன்னே சொல்லலையே. எனக்குப் பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை. எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், அதனால எங்களுக்கெல்லாம் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர். பேப்பர்தான் பிரெஞ்சு. இருபத்தஞ்சு வயசுல இங்க வந்து ஏர்போர்ட்டுல பெட்டி ஏத்தி இறக்கினேன், முப்பத்தாறு வருஷம். ஆனா அது சோத்துக்கு. நான் பொறப்புல ஆட்டக்காரன். பூப்பந்து. உங்க யாழ்ப்பாணத்துல உண்டான்னு தெரியலை. கம்பளி நூல்ல உருட்டின மஞ்சப் பந்து, வெட்டவெளி மண் தரை, பக்கத்துக்கு அஞ்சு பேர். முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ரெண்டு. நான் பின்வரிசை.

பின்வரிசைக்காரனுக்கு என்ன வேலை தெரியுமா? ஆடுறது பாதி, கத்துறது பாதி. முன்னாடி நிக்கிறவனுக்குத் தலைக்கு மேல போற பந்து எங்க விழும்னு தெரியாது. பின்னாடி நிக்கிறவன் கோட்டைப் பாத்துச் சொல்லணும். உள்ள விழுற பந்துன்னா "அடி!" வெளிய போற பந்துன்னா "விடு!" நான் "விடு"ன்னு சொன்னா மீதி நாலு பேரும் கையை இறக்கிடுவானுங்க. அப்படி ஒரு கண்ணு எனக்கு. எத்தனை கப்பு வாங்கினோம்னு கேக்காதீங்க. கப்பெல்லாம் இல்லை. அந்தக் காலத்துல நடுவர்கள் சரியில்லை.

மெலனிக்கு எட்டு வயசு இருக்கும்போது இங்க நாங்க இருக்கற ஊரு முனிசிபாலிட்டி ஜிம்முல 'பட்மின்தோன்'னு, இவனுங்க வாயில பாட்மின்டன், ஒரு போர்டு. எனக்கு உயிரே வந்துச்சு. இந்தக் குளிர்லயும் நம்ம ஆட்டத்தை ஆட வச்சிருக்கானுங்களேன்னு என் பழைய மட்டையை எடுத்துக்கிட்டு, இவளையும் இழுத்துக்கிட்டுப் போனேன். உள்ள போய்ப் பாத்தா, வாத்து இறகு! பதினாறு இறகைப் பிடுங்கி ஒரு தக்கையில சொருகி அதைப் போட்டு அடிக்கிறானுங்க. "பந்து எங்கய்யா?"ன்னேன். அங்க கோச்சா இருந்த ஜெரோம், அப்ப அவன் சின்னப் பையன், "இதான் முசியே பந்து"ன்னான். அஞ்சு பேர் எங்கன்னேன். "இல்லை முசியே, ஒருத்தர்தான்"னான். ஒருத்தர் ஆடுறதுக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய ஜிம்மு கட்டினீங்கன்னு நான் கெளம்பிட்டேன். திரும்பிப் பாத்தா இவ அந்த இறகை ஊதி ஊதிப் பாத்துக்கிட்டு நிக்கிறா. வர மாட்டேன்னுட்டா. அன்னிக்கு ஆரம்பிச்சது.

நான் சும்மா விட்டேனா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க பில்டிங் கார் நிறுத்துற இடத்துல சாக்பீஸால கோடு போட்டு நானே சொல்லிக் குடுத்தேன். பூப்பந்துல அடிக்கிற அடி, மட்டையைப் படுக்க வச்சுத் தரையோட தரையா இழுத்து ஒரு வாங்கு. நான் பின்னாடி நின்னு "அடி", "விடு"ன்னு கத்துவேன். ரெண்டு மாசம் கழிச்சு ஜெரோம் வந்து, "முசியே, இந்தப் பொண்ணு எல்லாத்தையும் ஈ அடிக்கிற மாதிரி அடிக்குது, யார் இப்படிச் சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டான். நான்தான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அந்த அடியைச் சரிபண்ண அவனுக்கு ரெண்டு வருஷம் ஆச்சாம். இன்னிக்கும் பேட்டியில எல்லாம் சொல்லுவான், "மெலனியோட அடித்தளம் வேற யாருக்கும் இல்லாதது"ன்னு. பெரிய மனசு அவனுக்கு.

ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே காதோட காதா பேசறேன். அது சத்தியத்துல சேராது.

பாருங்க, பாருங்க, அந்தப் புள்ளை எப்படி ஓட விடறா என் பொண்ணை. முட்டியைப் பாத்துட்டா. ஒருத்தி முட்டியில பட்டி கட்டியிருந்தா எதிராளிக்கு அது அழைப்பிதழ் மாதிரி. அந்தக் காலத்துல இருந்தே இவ பட்டியைச் சட்டைக்குள்ள போட்டு மறைக்க மாட்டா. முட்டியில எப்படி மறைக்கறதுங்கறீங்களா? மறைக்கணும்னு நெனச்சா மறைக்கலாம்.

பதினஞ்சு வயசுல தேசியப் பயிற்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க. பதினெட்டுல இதே தொழில். தொழில்னா நீங்க டிவியில பாக்கற மாதிரி நெனச்சுக்காதீங்க. செவ்வாக்கிழமை ஒரு நாட்டுல ஆடித் தோக்கணும், புதன்கிழமை ஓட்டல் குளியலறையில சட்டை துவைக்கணும், வியாழக்கிழமை அடுத்த நாட்டுக்கு விமானம். எட்டு மட்டை, அதுல எப்பவும் நாலுல நரம்பு அறுந்திருக்கும். சாப்பாட்டுக்கு ஒரு அம்மாவை வச்சிருந்தானுங்க. அவ வேகவச்ச கோழியையும் வேகாத கீரையையும் தட்டுல வச்சுக் குடுப்பா. நான் புளிசாதம் கட்டிக்கிட்டுப் போவேன். அந்த அம்மா ஒரு வாய் வாங்கித் தின்னு பாத்துட்டு, "இதுல எவ்வளவு எண்ணெய் முசியே?"ன்னு கேட்டா. எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுன்னேன். அதுக்கப்புறம் வீரர்கள் தங்குற இடத்துக்குள்ள குடும்பத்தார் வரக் கூடாதுன்னு பொதுவா ஒரு விதி போட்டானுங்க. யாரோ எங்கயோ தப்பு பண்ணியிருப்பாங்க, எல்லாருக்கும் சேத்துப் போட்டுட்டானுங்க.

நல்லா வச்சா பாருங்க! அதான், அதான்! ... ஆ! ஏன் தம்பி இடிச்சீங்க? அது பாராட்டு. சரி, தப்புதான், நீங்க உங்க வேலையைச் சரியாத்தான் பாக்கறீங்க.

உலகத்துல முப்பத்தினாலாவது இடம் வரைக்கும் போனா. முப்பத்தினாலு! எங்க சாதிசனத்துல எவனும் எதுலயும் முப்பத்தினாலாவதா வந்தது இல்லை. அதுக்குக் காரணம் என்னன்னு நெனக்கிறீங்க? ஜெரோம் இல்லை. நான் கண்டுபிடிச்ச ஒரு ஆயுதம். கோச்சு ஆட்டத்துக்கு நடுவுல கொஞ்ச நேரம்தான் பேசலாம், அதுவும் பிரெஞ்சுல பேசினா பாதிப் பேருக்குப் புரிஞ்சுடும். நான் மேல இருந்து தமிழ்ல கத்தினா எவனுக்குப் புரியும்? டென்மார்க்குக்காரிக்குப் புரியுமா, ஜப்பான்காரிக்குப் புரியுமா? "முன்னாடி போடு!" "பின்னாடி தூக்கு!" "இடது பக்கம் காலி!" எல்லாம் வெளிப்படையா, ஹாலே அதிர. நடுவர் நிமிந்து பாப்பார். பார்வையாளர்கள் அமைதி காக்கணும்னு மூணு மொழியில அறிவிப்பு வரும். தமிழ்ல வராது. அப்ப நமக்கு இல்லைன்னு நான் பாட்டுக்குக் கத்துவேன்.

முதல் கேம் முடிஞ்சுது. இருபத்தொண்ணு பதினெட்டு. நம்மளுது! நம்மளுது, தம்பி! கை குடுங்க. இது இடைவேளை, இப்பக் கத்தலாமான்னு தெரியலை, எதுக்கு வம்பு. தண்ணி குடிக்கிறீங்களா?

திரும்பவும் பாருங்க, காதைத் தொட்டுக் காமிக்கிறா. அம்மா தாயே, நான் வாயைத் திறக்கலைம்மா, இவர்தான் சாட்சி.

நாலு வருஷம் முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன். சொல்லலைன்னா இந்த ரெண்டாவது கேமை நான் தாங்க மாட்டேன். ஜெர்மனியில ஒரு ஊர். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சா ஒலிம்பிக். கணக்கெல்லாம் போட்டுப் பாத்துச் சொல்லிட்டானுங்க, இந்த ஒண்ணு போதும்னு. நான் லீவு போட்டுட்டு தெரேஸைக் கூட்டிக்கிட்டு விடிய விடியக் கார் ஓட்டிக்கிட்டுப் போனேன். பாண்டிச்சேரியில என் அண்ணன் கோயில்ல பூசைக்கே குடுத்துட்டான். எதிராளி மலேசியாக்காரி. சட்டையில 'லிம்'னு போட்டிருந்துச்சு. சீனாக்காரப் புள்ளை, வெள்ளையா, துறுதுறுன்னு.

முதல் கேம்ல நான் தொண்டை கிழியக் கத்தறேன். "முன்னாடி போடு!"ங்கறேன். இவ முன்னாடி போடறா. அந்தப் புள்ளை அங்க வந்து ஏற்கனவே நிக்குது! "பின்னாடி தூக்கு!"ங்கறேன், இவ தூக்கறதுக்கு முன்னாடி அது பின்னாடி ஓடுது. ஜோசியம் தெரிஞ்ச புள்ளை மாதிரி இருந்துச்சு. தோத்தோம். ரெண்டாவது கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெலனி அந்தப் புள்ளையை ஒரு பார்வை பாத்தா, மேல என்னை ஒரு பார்வை பாத்தா, சிரிச்சா, காதைத் தொட்டுக் காமிச்சா. காது வலிக்குதுன்னு. நான் நிறுத்துவேனா? ஒலிம்பிக்காச்சே. இன்னும் ரெண்டு மடங்கு கத்தினேன்.

அப்ப அவ என்ன பண்ணினா தெரியுமா? வேணும்னே, வேணும்னே தம்பி, நான் சொல்றதுக்கு நேர் எதிரா ஆடினா. முன்னாடின்னா பின்னாடி. இடதுன்னா வலது. ஒரு பேச்சு கேக்கலை. பெத்து வளத்து, கோடு போட்டு, குளிர்ல நின்னு சொல்லிக் குடுத்தவன் பேச்சை ஒரு தடவை கூடக் கேக்கலை. எதிர் வரிசையில என் வீட்டுக்காரி வேற சிரிக்கிறா. ஜெயிச்சாதான், இல்லைன்னு சொல்லலை. அந்தக் கேமை சுளையா ஜெயிச்சா. என் நெஞ்சுல விழுந்த அடி எனக்குத்தானே தெரியும்?

என்ன சொல்றீங்க? அந்தப் புள்ளைக்குத் தமிழ் தெரிஞ்சிருக்குமா? அட, தெரியும். ஆட்டம் முடிஞ்சப்புறம் அதுவே வந்து சொல்லுச்சே. "அங்கிள், வணக்கம். எங்க அம்மா ஈப்போத் தமிழ். நீங்க நல்லா சத்தமா கத்துறீங்க, நன்றி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எவ்வளவு மரியாதையான புள்ளை! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அவங்க பேசறது மலேசியாத் தமிழ், நான் கத்தறது பாண்டிச்சேரித் தமிழ். அந்த வேகத்துல எனக்கே புரியாது. நீங்க சிரிக்காதீங்க, நான் நெஞ்சு எரிஞ்சு சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஆரம்பிச்சுட்டாங்க ரெண்டாவது கேம். பாருங்க. அஞ்சு மூணு. ஏழு மூணு! டென்மார்க்குக்காரிக்கு மூச்சு வாங்குது. சின்ன வயசுன்னா சும்மாவா, எல்லாத்துக்கும் ஓடும், எதுக்கு ஓடணும்னு தெரியாது. இவளுக்கு ஓட முடியாது, அதனால நின்ன எடத்துல இருந்து யோசிக்கிறா. இந்த நாலு வருஷத்துல நல்லா ஆடுறா தம்பி, ஆனா என்னமோ ஒண்ணு கம்மியா இருக்கு. கடைசி நேரத்துல ஒரு தடுமாத்தம். எதைப் பாக்கறதுன்னு தெரியாத மாதிரி சுத்திமுத்திப் பாப்பா. ஜெரோம் கூடச் சொல்லிட்டான், எனக்கும் புரியலைன்னு.

சொல்லிக்கிட்டு இருந்தேனே. மூணாவது கேம். இருபது இருபதுன்னு சமமா வந்துட்டா ரெண்டு வித்தியாசத்துல ஜெயிக்கணும்; இப்ப இருபது இருபத்தொண்ணு. அந்தப் புள்ளைக்கு இன்னும் ஒண்ணு போதும். அந்தப் புள்ளை ஒண்ணைத் தூக்கி விட்டுச்சு, உயரமா, கூரையைத் தொடற மாதிரி. பின் கோட்டுக்கு வருது. என் சீட்டு அந்தக் கோட்டுக்கு நேரா மேல. நான் பாத்தேன். என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெளிய. ஒரு சாண் வெளிய. "விடு!"ன்னேன்.

அந்த ஆட்டம் முழுக்க என் பேச்சைக் கேக்காதவ, அதை மட்டும் கேட்டா. மட்டையை இறக்கிட்டா. சின்ன வயசுல கார் நிறுத்துற இடத்துல எப்படி இறக்குவாளோ அப்படியே இறக்கிட்டு, என்னைப் பாத்துக்கிட்டு நின்னா.

கோட்டு மேல விழுந்துச்சு. உள்ள. திரையில போட்டுக் காமிச்சானுங்க, பெருசு பண்ணி, திரும்பத் திரும்ப. ஒரு விரற்கடை உள்ள. முடிஞ்சுது.

திட்டியிருக்கலாம் தம்பி. மட்டையைத் தூக்கி என் மேல எறிஞ்சிருக்கலாம். ஆறு மணி நேரம் கார்ல வந்தோம். எல்லை தாண்டினப்புறம் பின்னாடி சீட்டுல இருந்து, "பசிக்குது, பப்பா"ன்னா. அவ்வளவுதான். புளிசாதம் இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். அவ சாப்பிட்டா. கண்ணாடியில அதைப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு ராத்திரி வேணாம் தம்பி. எதிரிக்கும் வேணாம்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், தெரேஸுக்கும் தெரியாது. அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கண் டாக்டர் சொல்லிட்டான், ரெண்டு கண்ணுலயும் புரை, உடனே ஆபரேஷன் பண்ணிக்கணும்னு. பண்ணிக்கிட்டா ஒரு மாசம் ஊர் ஊரா அலையக் கூடாதாம். ஒலிம்பிக் வருஷத்துல நான் இல்லாம அவ எப்படி ஆடுவா? தள்ளிப் போட்டேன். புரைக் கண்ணை வச்சுக்கிட்டு "விடு"ன்னேன். ஜெர்மனியில இருந்து வந்த மறு மாசமே போய்ப் பண்ணிக்கிட்டேன். பெட்டி தூக்கினதுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள் வைத்தியத்துக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுக் கெளம்பி, கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு... அதை விடுங்க. இப்ப கண்ணு பளிச்சுன்னு இருக்கு. உங்க பேனர்ல போட்டிருக்கிற போன் நம்பரை இங்க இருந்து படிக்கட்டுமா? ஆனா வாய் போச்சு. சத்தியத்துனால இல்லை தம்பி. தெரேஸ் சத்தியம் கேக்கலைன்னாலும் எனக்கு வாய் வந்திருக்காது. பயம். என் கண்ணுல புரை இருந்துச்சு, அதனாலதான் உன் ஒலிம்பிக் போச்சுன்னு அவகிட்ட சொல்ல நாலு வருஷமா பாக்கறேன். வாயைத் திறந்தா "சாப்பிட்டியா"ன்னுதான் வருது.

பதினெட்டு பன்னிரண்டு. மாதாவே.

பத்தொம்பது பன்னிரண்டு. தம்பி, என் கையைப் புடிச்சுக்குங்க. இடிக்க வேணாம், புடிச்சுக்குங்க.

இருபது! இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு, தம்பி. கப்பு அந்த மேசை மேல இருக்கு பாருங்க, பூ ஜாடி பக்கத்துல. எவ்வளவு குட்டியா இருக்கு! இருக்கட்டும். வீட்டுல டிவி மேல வைக்கலாம்.

டென்மார்க்குக்காரி தூக்கிட்டா. உயரமா தூக்கிட்டா. பின் கோட்டுக்கு வருது. நமக்கு நேரா வருது. இவ ஏன் அதைப் பாக்கலை? அடியில வந்து நின்னுக்கிட்டு ஏன் மேல என்னைப் பாக்கறா? மட்டையை ஏன் இறக்கறா? அடியே, என்னை ஏன் பாக்கறே, பந்தைப் பாரு! எனக்கு, எனக்கு, வெளிய போகுது, நல்லாத் தெரியுது, வெளிய...

"விடு!"

நான் பாக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டேன். தம்பி, நீங்க சொல்லுங்க. கோட்டுக்கிட்ட உக்காந்திருக்கிற நடுவர் ரெண்டு கையையும் விரிச்சு வெளியங்கறாரா, இல்லை ஒரு கையைக் கீழ காட்டி உள்ளங்கறாரா?

கீழயா?

உள்ளயா விழுந்துச்சு? எவ்வளவு உள்ள? ஒரு முழமா! ஒரு முழம் எப்படிய்யா? ஆபரேஷன் பண்ணின கண்ணுங்க இது! ரெண்டு கண்ணும் பண்ணியிருக்கேன்! அப்ப... அப்ப புரை இல்லையா காரணம்? முத்தியால்பேட்டையிலயே இப்படித்தான் இருந்துச்சா?

என்ன சத்தம் அது? யார் சிரிக்கறது? மெலனியா? அவளா சிரிக்கிறா? முட்டியில கையை ஊன்றிக்கிட்டு, ஆமா, சிரிக்கிறா. தெரேஸும் சிரிக்கிறா. சத்தியத்தை முறிச்சுட்டேன், அவ ஏன் சிரிக்கணும்? சால்வையை வாயில வச்சுக்கிட்டு... அழறாளா சிரிக்கிறாளான்னு தெரியலை.

ஒரு முழம் உள்ள விழறது இவளுக்குத் தெரியாதா, தம்பி? இருபத்துமூணு வருஷமா ஆடுறவளுக்கு? அன்னிக்கு என்னை நம்பி விட்டா. இன்னிக்குத் தெரிஞ்சே விட்டா. இருபது எடுத்து வச்சிருக்கோமே, அப்பனுக்கு ஒண்ணு போகட்டும்னு விட்டிருக்கா.

இருபது பதிமூணு. திரும்பவும் மேல பாக்கறா. காதைத் தொட்டுக் காமிக்கிறா. வாயைத் திறந்து என்னமோ சொல்றா, இருங்க, கேக்க விடுங்க...

"பப்பா! இன்னும் சத்தமா!"

கேட்டீங்களா? ஹாலே திரும்பிப் பாக்குது. சத்தமாங்கறா. காதைத் தொட்டது அதுக்கா? நாலு வருஷமாவா? ஜெர்மனியில தொட்டதும் அதுக்கா?

தம்பி, நீங்க கத்துங்க. நான் வாயைத் திறந்தா காத்துதான் வருது. எழுந்து நின்னு கத்துங்க, டென்மார்க்குக்காரி சர்வீஸ் போடப் போறா. எதைக் கத்தறதா? வாய்க்கு வந்ததைக் கத்துங்க, தம்பி. அவ எப்படியும் மாத்தித்தான் ஆடுவா.